சத்தம் போடாத கண்ணாடிப் பெட்டி

நாற்பத்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் தனபால் ஆம்னி வேனை ஓரங்கட்டி இறங்கி, பாறையைப் பார்த்து நின்று, காலையில் சாப்பிட்ட நான்கு இட்லிகளுக்கும் மரியாதையாக விடை கொடுத்தான்.

இருபது வருஷம் லாரி ஓட்டியவன். கல்கத்தா, கௌஹாத்தி என்று இந்தியாவையே டயரால் அளந்தவன். ஆனால் சொந்த மாவட்டத்துக் கொல்லிமலையில் ஏறினால் மட்டும் குடல் தொண்டைக்கு வந்துவிடும். இது வெளியே தெரிந்தால் நாமக்கல்லில் ஒரு கிளீனர்கூட மதிக்கமாட்டான். அதனால் டீச்சரிடம் மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்லி வைத்திருந்தான்.

டீச்சர் என்றால் ருக்குமணி. வேனின் முன் சீட்டில் கால் மேல் கால் போட்டுக் கடலை மிட்டாய் கடித்துக்கொண்டிருந்தாள். வயது ஐம்பத்து மூன்று. இருபத்திரண்டு வருஷம் நாமக்கல்லில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினாள். கம்ப்யூட்டர் வந்ததும் பதினெட்டு மெஷின்களும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. மறுநாளே அதே மாடியில் 'ருக்குமணி துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டிவிட்டாள். "இருபத்திரண்டு வருஷமா அடுத்தவங்க பண்ணுன தப்பைக் கண்டுபிடிச்சுச் சிவப்பு மையில சுழிச்சேன். இனிமேலும் அதேதான். மை மட்டும் மிச்சம்" என்பாள், கேட்கிறவர்களிடமெல்லாம்.

"இன்னும் இருபத்தேழு வளைவு இருக்குது, தனபாலு. உள்ள ஏதாச்சும் மிச்சம் இருக்குதா?"

"உசுரு இருக்குதுங்க டீச்சர். அதையும் அம்பதாவது வளைவுல எறக்கி வெச்சிரலாம்."

"வண்டிய எடு. மூணு மணிக்குள்ள முடிக்கணும்."

முந்தின நாள் இரவு சோளக்காட்டிலிருந்து போன் வந்திருந்தது. வித்யாஸ்ரீ என்ற பெண் அழுதுகொண்டே பேசினாள். அவள் கையால் செய்த கம்ப்யூட்டரைக் காணோம். போனை வைத்ததும் ருக்குமணி தலையில் அடித்துக்கொண்டாள். "என் பொழப்பைக் கெடுத்த சாமானத்தை நானே தேடிக் குடுக்கணுமாம். இதைவிடக் கேவலம் ஒண்ணு உண்டா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அவளே காலை ஆறு மணிக்குத் தனபாலைப் படுக்கையிலிருந்து எழுப்பினாள். அவள் ஆத்திரம் எப்போதும் அப்படித்தான், வாயைத் தாண்டிக் காலுக்கு இறங்காது.

சோளக்காடு சந்தைக்குப் பின்னால் இரண்டு ஓட்டு வீடுகள் ஒரே வாசலைப் பங்கு போட்டுக்கொண்டு நின்றன. இடது பக்கம் வித்யாஸ்ரீ குடியிருந்தாள். உள்ளே நுழைந்ததும் தனபால் மூக்கை உறிஞ்சினான். ஏதோ தித்திப்பான, தலை சுற்ற வைக்கிற வாடை. மேஜைமேல் பழுப்பு நிற பாட்டில். பக்கத்தில் ஊசி போடுகிற சிரிஞ்சு. அதற்குப் பக்கத்தில் பஞ்சுச் சுருள். பாட்டிலின் மேலே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தான். குளோரோபார்ம்.

"டீச்சர், இது திருட்டுக் கேஸ் இல்லீங்க. ஆள் கடத்தல். வாங்க, அப்படியே திரும்பிப் போயிரலாம். எறங்குறப்ப எனக்கு வாந்தி வராது."

"அண்ணா, அது ஒட்டுறதுக்குங்க" என்றாள் வித்யாஸ்ரீ. இருபத்து நான்கு வயசு. அழுது அழுது மூக்கு மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது.

"எதை எதோட?"

"அக்ரிலிக்கை அக்ரிலிக்கோட. நாமக்கல்ல நம்பர் பிளேட் அடிக்கிற கடையில வெட்டுத் துண்டு வாங்கியாந்து, அதுலதான் என் கம்ப்யூட்டருக்குப் பெட்டி செஞ்சேன். பசை போட்டா வெள்ளையா திட்டுத் திட்டா நிக்கும். இதுன்னா ஊசியில எடுத்து ஓரத்துல ஒரு சொட்டு விட்டாப் போதும், இடுக்குக்குள்ள தானா ஓடிரும். ரெண்டு துண்டையும் கரைச்சு ஒண்ணாக்கிரும். ஒட்டுன கோடுகூடத் தெரியாது."

அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் அழுகை இல்லை. ருக்குமணி அதைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் கிடந்த துண்டு ஒன்றை எடுத்து ஓரத்தைத் தடவினாள். அறுத்த விளிம்பு விரலில் வழுக்கியது.

"எதுல அறுத்தே?"

"உடைஞ்ச ஆக்சா பிளேடால கீறி, மேஜை ஓரத்துல வெச்சு ஒரே அழுத்துங்க. படக்குன்னு நேரா உடையும். ஓட்டை போடுறதுதான் சிரமம். அவசரப்பட்டா கீறல் விட்டுரும். சோப்புத் தண்ணி ஊத்தி ஊத்தி மெதுவா போடணும். முதல்ல செஞ்ச ரெண்டு பெட்டி ஒடஞ்சு போச்சு. இது மூணாவது."

"இத்தனை பாடு எதுக்கு? தகரத்துலயே பெட்டி விக்கிறாங்கல்ல?"

"அதுல காத்தாடி ஓடும்ங்க மேடம். ஒரு ரூமுல பத்து காத்தாடி ஓடுனா பாடம் எடுக்கறவங்க பேசுறது காதுல விழாது. அதுவுமில்லாம காத்தாடி தூசிய உறிஞ்சும். நம்மூருத் தூசியில பாதி மெளகு. இதுல காத்தாடியே கெடையாது. சின்ன போர்டு, சப்பாத்திக் கட்டை அகலந்தான் இருக்கும். கரண்டு போனா லாரி பேட்டரியில ஓடும். பக்கத்துல காதை வெச்சாலும் ஒரு சத்தம் கேக்காது."

"சத்தமே போடாதா?" என்றான் தனபால். "இந்த மாதிரி என் ஊட்டுக்காரிக்கு ஒண்ணு கெடைக்குமா?"

ருக்குமணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். தப்பான எழுத்தை அடித்த மாணவர்களைப் பார்க்கிற பார்வை.

விஷயம் இதுதான். செம்மேட்டில் மலைப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி மையம் திறக்கப் போகிறார்கள். மலைக் குளிரிலும் மின்வெட்டிலும் எழுபத்திரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடுகிற கம்ப்யூட்டரை யார் காட்டுகிறார்களோ, மையத்தை நடத்துகிற பொறுப்பு அவர்களுக்கு. இன்று மூன்று மணிக்கு ஹேமலதா என்ற அதிகாரி நேரில் வந்து பார்க்கிறார். வித்யாஸ்ரீ ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டு, அது ஓடட்டும் என்று விட்டுவிட்டு, பாடக் குறிப்புகளை அச்சடிக்கச் சேலம் போனாள். நேற்று சாயங்காலம் திரும்பி வந்தால் பெட்டியைக் காணோம்.

"இது கெடைக்கலைன்னா?" என்றாள் ருக்குமணி.

"ஆவணியிலேயே என்னையக் கீழ கூட்டிட்டுப் போயிருவாங்க. அத்தையோட முட்டை அட்டைக் கம்பெனியில போன் எடுக்குற வேலை. அப்பா சொல்லிட்டாரு, இதுதான் கடைசித் தடவைன்னு." அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். "எட்டு மாசமா செஞ்சேங்க மேடம். கையெல்லாம் பாருங்க."

விரல்கள் முழுக்கச் சின்னச் சின்ன வெட்டுக்காயங்கள். தனபால் அந்த விரல்களையே பார்த்தான். லாரியில் அவனும் அப்படித்தான், யாரும் பார்க்காத நேரத்தில் போல்ட்டு நட்டுகளைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பான்.

ருக்குமணி மேஜையைச் சுற்றி வந்தாள். மானிட்டர் இருந்தது. கீபோர்டு இருந்தது. மவுஸ் இருந்தது. அவற்றின் ஒயர்களை யாரோ அழகாகச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். பெட்டி, சார்ஜர், லாரி பேட்டரி மூன்றும் இல்லை.

"சாவி?"

"நிலைக்கு மேலதான் வெச்சிட்டுப் போனேன்."

"ஊருக்கே தெரியுமா?"

"எல்லார் ஊட்டுச் சாவியும் நிலைக்கு மேலதானுங்களே இருக்கும்."

"கம்ப்யூட்டர் திருட வந்தவன் டிவி மாதிரி இருக்கற பெருசை விட்டுட்டுச் சின்னப் பெட்டிய மட்டும் எடுத்திருக்கான். அப்படின்னா அவன் கம்ப்யூட்டரைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவனா இருக்கணும். இல்லேன்னா ஒண்ணுமே தெரியாதவனா இருக்கணும்."

"நடுவுல நிக்கிறது நான் ஒருத்தன்தானுங்களா?" என்றான் தனபால்.

"வேற என்ன காணோம்?"

வித்யாஸ்ரீ சுற்றுமுற்றும் பார்த்தாள். "பஞ்சுங்க. பெரிய சுருளா இருந்துச்சு. பாதிக்கு மேல காணோம்."

"குளோரோபார்மை வெச்சிட்டுப் பஞ்சை மட்டும் எடுத்துட்டுப் போற கடத்தல்காரனை இப்பத்தான் பாக்குறேன்" என்றான் தனபால்.

சுவரில் ஒரு நோட்டுத்தாள் ஒட்டியிருந்தது. மணிக்கு ஒரு தடவை எழுதிய எண்கள். முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு.

"அது உள்சூடுங்க" என்றாள் வித்யாஸ்ரீ. "பெட்டியில ரெண்டு மாடி. கீழ போர்டு. மேல் மாடி காலி, பின்னால ஏதாச்சும் சேர்த்துக்கலாம்னு விட்டது. நடுவுல ஓட்டை போட்ட தட்டு, சூடு அது வழியா மேல வரும். எத்தனை ஓட்டை போட்டுப் பாத்தாலும் மேல் மாடியில முப்பத்தெட்டு டிகிரியிலயே நிக்குது. எறங்கவே மாட்டேங்குது."

"காய்ச்சல். பத்தியக் கஞ்சி குடுத்திருக்கோணும்" என்றான் தனபால்.

அப்போது பக்கத்து வீட்டு சின்னாயி மூன்று டம்ளரில் சுக்குக் காப்பியோடு வந்தாள். நாற்பத்தைந்து வயசு. இரண்டு பலாப்பழத்தைத் தலையிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு மேடு ஏறுகிற உடம்பு.

"ஏனுங்க, டவுனுல இருந்து வந்திருக்கறீங்களா? காப்பி குடிங்க. என்னமோ கம்ப்யூட்டரு காணாமப் போச்சுன்னு ஊரே பேசுது. அதான் மேசை மேலயே நிக்குதே, கண்ணு?" என்று மானிட்டரைக் கையால் தட்டிக் காட்டினாள்.

தனபால் சிரித்துவிட்டான். வித்யாஸ்ரீக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. "அது வெறும் கண்ணாடி, சின்னாயக்கா. கம்ப்யூட்டர் வேற."

"எனக்கென்னமோ அதுதான் கம்ப்யூட்டராட்டத் தெரியுது. படிச்சவங்க சொன்னாச் சரிதான்." சின்னாயிக்கு முகம் சுண்டிவிட்டது. "டம்ளரை அப்படியே வைங்க, அப்புறமா எடுத்துக்கறேன். எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்குது. இன்னிக்கு ஒரு பொழுது தாண்டிருச்சுன்னாப் போதும்."

அவள் போன பிறகு தனபால் வாசலில் நின்று காப்பி குடித்தான். ஒரு சேவல் மட்டும் தன்னந்தனியாக அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தது. கோழிக்கூடை கவிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் கறுப்பு இறகுகள்.

"பாருங்க டீச்சர், பொண்டாட்டி கோவிச்சுட்டுப் போன மூஞ்சி."

"காட்டுப்பூனை அடிச்சிருச்சுங்க, ஞாயித்துக்கெழமை பொழுதுசாய" என்று சின்னாயியின் குரல் உள்ளேயிருந்து வந்தது. "நல்ல கோழி சாமி அது." அவ்வளவுதான், அவள் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

ருக்குமணி கதவைப் பார்த்தாள். பிறகு வேனைப் பார்த்தாள். "இந்த மையம் வேற யாருக்கு வேணும்?"

"காளியண்ணனுக்குங்க" என்றாள் வித்யாஸ்ரீ. "செம்மேட்டுல பிரவுசிங் சென்டர் வெச்சிருக்காரு. அவர்தான் எடுத்திருக்கணும். என் ஜன்னலண்ட நின்னு ரெண்டு தடவை எட்டிப் பாத்தாரு."

காளியண்ணனின் பிரவுசிங் சென்டரை வாசலில் இருந்தே காதால் கண்டுபிடித்துவிடலாம். நான்கு கம்ப்யூட்டர்களும் நெல் மில்லைப்போல இரைந்தன. உள்ளே நுழைந்ததும் தனபால் டீச்சரின் முழங்கையைப் பிடித்தான். அதே தித்திப்பு வாடை. குளோரோபார்ம். மூலையில் ஏதோ ஒன்று மஞ்சள் துணியால் மூடி வைக்கப்பட்டிருந்தது. சரியாகக் கம்ப்யூட்டர் பெட்டி உயரம்.

"துணியை எடுங்க" என்றாள் ருக்குமணி.

"அது... சாமி படமுங்க."

"நல்லதாப் போச்சு. நான் கும்பிட்டு நாலு மாசமாச்சு."

தனபால் துணியை இழுத்தான். உள்ளே ஒரு பெட்டி இருந்தது. ஆனால் பழுப்புக் காகிதம் சுற்றிய பெட்டி. நாலு பக்கமும் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே காத்தாடி ஒன்று 'கர்ர்ர்' என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

"இது என்னதுங்க?"

காளியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தொப்பையும் இடுப்பு வலிக்கு அகலமான பெல்ட்டும் போட்ட மனிதர். "அந்தப் புள்ள செய்யுறதைப் பாத்தேன். நல்லா இருந்துச்சு. நானும் அதே மாதிரி செஞ்சேன். அது ஒண்ணும் குத்தமில்லீங்களே?"

"அக்ரிலிக் மேல ஒட்டியிருக்கற காகிதத்தை ஏன் உரிக்கலை?"

"புதுசுங்க. உரிச்சாக் கீறல் விழுந்திரும்ல?"

"சோபா வாங்குனா கவரைக் கிழிக்காம, வேர்த்து வேர்த்து அதும் மேலயே உக்காருற ரகம்" என்றான் தனபால். "கண்ணாடிப் பெட்டி செஞ்சு, கண்ணாடின்னு தெரியாம மூடி வெச்ச மொத ஆளு நீங்கதாங்க."

ருக்குமணி பெட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையை வெடுக்கென்று எடுத்தாள். கொதித்தது. "எழுபத்திரண்டு மணி நேரம் நிக்காம ஓடுச்சா?"

"நேத்துக் கரண்டு போனப்ப ரெண்டே ரெண்டு தடவை நின்னுச்சுங்க. அதை யாரு பாத்தா?" காளியண்ணனுக்குத் திடீரென்று தைரியம் வந்துவிட்டது. "அவ பெட்டிய நான் எடுக்கலீங்க. லாரி பேட்டரியோட போச்சுன்னு பேசிக்கறாங்க. இந்த இடுப்பை வெச்சிக்கிட்டு நான் தண்ணிக் கொடமே தூக்குறதில்லை. ஆனா ஒண்ணு சொல்றேன். இனிமே அந்தப் பெட்டி கெடைச்சும் பிரயோசனமில்லை. எடுத்தவன் ஆஃப் பண்ணாமயா தூக்கியிருப்பான்? ஒரு நிமிசம் நின்னாலும் கணக்கு முதல்ல இருந்துதான்."

அது உண்மைதான். வெளியே வந்தபோது மணி பன்னிரண்டே கால். தனபாலுக்கு வயிறு காலி, மனசும் காலி. அந்தப் பெண்ணின் விரல்கள் கண்ணிலேயே நின்றன.

சோளக்காடு டீக்கடையில் டபுள் ஆம்லெட் சொன்னான். ருக்குமணி ஒன்றும் சாப்பிடவில்லை. மேஜையில் விரல்களால் எதையோ டைப் அடித்துக்கொண்டிருந்தாள். யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

"பெட்டி, பேட்டரி, பஞ்சு" என்றாள். "காளியண்ணன் சொன்னதைக் கேட்டியா? ஆஃப் பண்ணாமயா தூக்கியிருப்பான்னு. சும்மா திருடுறவனுக்குப் பேட்டரி எதுக்கு? பளுவு. அதையும் சேர்த்துத் தூக்கியிருக்கான்னா, அது நிக்கக் கூடாதுன்னுதான் தூக்கியிருக்கான். தூங்குற கொழந்தையத் தொட்டிலோட தூக்கற மாதிரி. ஆனா அந்த ஆளுக்கு அதுல படம் பாக்க வேண்டாம், டைப் அடிக்க வேண்டாம். ஓடுனாப் போதும். வெறுமனே ஓடுற கம்ப்யூட்டரால என்ன லாபம்?"

"சூடுதான் லாபம். குளிர் காயலாம்" என்று தனபால் ஆம்லெட்டை மடித்து வாயில் திணித்தான். "நான் லாரிக்குப் போறதுக்கு முன்னாடி குஞ்சு பொரிக்கிற பண்ணையில இருந்தேனுங்க டீச்சர். சூடுன்னா அங்கதான் சூடு. இருபத்தோரு நாளு, நூறு டிகிரி. கூடினா அவிஞ்ச முட்டை, குறைஞ்சா அழுகுன முட்டை. ஓனரு தெர்மாமீட்டரை என் கழுத்துலயே கட்டி விட்டிருந்தாரு. இப்பவும் முட்டையப் பாத்தா எனக்கு நூறு ஞாபகம்தான் வரும்."

ருக்குமணியின் விரல்கள் நின்றுவிட்டன.

"நூறு எந்தக் கணக்குல? காய்ச்சல் பாக்குற கணக்குலயா?"

"ஆமாங்க."

அவள் டீக்கடைக்காரரின் பென்சிலைப் பிடுங்கித் தினத்தாளின் ஓரத்தில் எழுதினாள். முப்பத்தெட்டை ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டினாள். நூறு புள்ளி நாலு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தனபால் தட்டில் பாதியாகக் கிடந்த ஆம்லெட்டைப் பார்த்தான். ஏனோ அதற்கு மேல் சாப்பிட மனசு வரவில்லை.

"ஞாயித்துக்கெழமை பொழுதுசாய" என்றாள் ருக்குமணி, எழுந்துகொண்டே. "கறுப்பு இறகு. பஞ்சு. இன்னிக்கு ஒரு பொழுது தாண்டுனாப் போதும். அட கடவுளே! கையில வெண்ணெய வெச்சிக்கிட்டு நெய்க்குச் செம்மேடு வரைக்கும் போய்ட்டு வந்திருக்கோம். வண்டிய எடு!"

சின்னாயி ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் கதவைத் திறந்தாள். "சத்தம் போடாதீங்க, மெதுவா வாங்க" என்று உள்ளேயிருந்து கிசுகிசுத்தாள். ருக்குமணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பின்னால் வித்யாஸ்ரீ, அதற்கும் பின்னால் தனபால்.

அடுப்படி மூலையில், காற்றுப்படாத இடத்தில், பலகை மேல் அந்தப் பெட்டி இருந்தது. ஒரு ஒட்டுக் கோடுகூடத் தெரியாத தண்ணீர் மாதிரியான பெட்டி. கீழ் மாடியில் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேல் மாடியில் பஞ்சு மெத்தை. பஞ்சு மெத்தையில் வரிசைக்கு மூன்றாக ஒன்பது முட்டைகள். பக்கத்தில் லாரி பேட்டரி, நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இதுங்களா?" என்றாள் சின்னாயி. "இது அந்தப் புள்ள ஊட்டுல இருந்த குஞ்சுப் பெட்டிங்க. ஞாயித்துக்கெழமை கோழி போயிருச்சு, அன்னிக்கு முட்டைக்குப் பதினெட்டு நாளு. இன்னும் மூணே நாளு. ஆறிப்போச்சுன்னா அத்தனையும் செத்துருமே! மழைக்கு அந்தப் புள்ள ஊட்டுக்குள்ள மெளகு காய வெக்கறப்ப இந்தப் பெட்டி மேல ஒரு நாள் கைய வெச்சேன், கோழி வயித்துக்கடியில கைய வெச்சாப்பல இருந்துச்சு. அதான் எடுத்தாந்தேன். மொறம் எடுத்தா, ஒலக்கை எடுத்தா சொல்லிட்டா எடுப்போம்? வந்ததும் சொல்லிக்கலாம்னு பாத்தேன். வந்தா கண்ணு கம்ப்யூட்டரக் காணோம்னு அழுதுட்டு நிக்குது. அழுவுற புள்ளகிட்ட மொறத்தப் பத்திப் பேசுவாங்களா?"

"சின்னாயக்கா," வித்யாஸ்ரீ பெட்டியின் ஓரத்தைத் தொட்டாள், "இதுதான் என் கம்ப்யூட்டர்."

சின்னாயி பெட்டியைப் பார்த்தாள், வித்யாஸ்ரீயைப் பார்த்தாள். "இதுவா?" நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ கண்ணு! மூணு நாளா உன் பொருளை வெச்சிக்கிட்டு உனக்கே காப்பி போட்டுக் குடுத்திருக்கேனா!"

"நிறுத்துனீங்களா? ஒரு நிமிசமாச்சும்?" என்றாள் ருக்குமணி.

"நிறுத்துவேனா? கரண்டு போனாலும் இந்தப் பேட்டரியில நிக்காம ஓடும்னு அந்தப் புள்ள சொல்லியிருக்குது. செவுத்துல இருக்கறதைப் புடுங்கிட்டு, பேட்டரியக் கூடையில போட்டு, அதும் மேல இதை வெச்சு, தலையில ஒரே நடை. பலாப்பழம் தூக்குறவளுக்கு இதெல்லாம் ஒரு பாரமா? ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சுத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன்."

தனபால் ஓடிப்போய் மானிட்டரைக் கட்டிப் பிடித்துத் தூக்கி வந்தான். வித்யாஸ்ரீ ஒயரைச் சொருகி, எதையோ டைப் அடித்தாள். திரையில் ஒரு வரி வந்தது. மூன்று நாள், நாற்பது நிமிடம். ஒரு நொடிகூட நிற்கவில்லை.

வித்யாஸ்ரீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாளா, அழுதாளா என்று தெரியவில்லை.

"எடுத்துட்டுப் போலாம், வாங்க, நேரமாச்சு" என்று தனபால் பெட்டியின் மேல் கை வைத்தான். சின்னாயி அவன் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள். பிறகு தட்டியதற்கு வெட்கப்பட்டு, முந்தானையைப் பிடித்துக்கொண்டு வித்யாஸ்ரீயைப் பார்த்தாள்.

"உன் பொருளுதான் கண்ணு. எடுத்துக்கோ. ஆனா பாரு, நடுவுல இருக்கறது காத்தாலயே ஓட்டுல மூக்கை வெச்சிருச்சு. இந்த நேரத்துல வண்டியில வெச்சுக் குலுக்குனா..."

முட்டையின் ஓட்டில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. செம்மேடு போக எட்டு வளைவு. மணி ஒன்று ஆகப் போகிறது. ஒன்பது முட்டையை எடுத்துத் துணியில் சுற்றி வைத்துவிட்டால் பெட்டி சுத்தமாகிவிடும், அதிகாரி முன்னால் அழகாக நிற்கும். வித்யாஸ்ரீ குனிந்து அந்த விரிசலைப் பார்த்தாள்.

"பெட்டி இங்கயே இருக்கட்டும்" என்றாள் கடைசியில். "தனபால் அண்ணா, மேடத்தை இங்க கூட்டிட்டு வர முடியுங்களா?"

"எட்டு வளைவு போக, எட்டு வளைவு வர" என்று தனபால் பெருமூச்சு விட்டான். "வயித்துல இருக்கற பாதி ஆம்லெட்டும் உனக்காக, கண்ணு."

மூன்றேகாலுக்குத் தனபாலின் வேனுக்குப் பின்னாலேயே ஜீப்பில் ஹேமலதா வந்தார். ஸ்வெட்டர், கையில் கோப்பு, முகத்தில் அந்த நாளைக்கான நாலாவது எரிச்சல். கூடவே காளியண்ணனும் ஒட்டிக்கொண்டு வந்தார். அடுப்படியில் நின்று அதிகாரி பெட்டியைப் பார்த்தார். காதை வைத்துப் பார்த்தார். பச்சை விளக்கைப் பார்த்தார். மேல் மாடியைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

"மூணு நாள், மூணு மணி நேரம்னு காட்டுதுங்க மேடம்" என்றாள் வித்யாஸ்ரீ.

"அதை எப்படிங்க நம்புறது?" என்று காளியண்ணன் குறுக்கே விழுந்தார். "நடுவுல நாள் கணக்கா பெட்டி எங்க இருந்துச்சுன்னு அந்தப் புள்ளைக்கே தெரியாது. கடிகாரத்தைத் திருப்பி வெக்கறதா கஷ்டம்? சாட்சி யாரு?"

நியாயமான கேள்விதான். ஹேமலதா கோப்பை மூடப் போனார். வித்யாஸ்ரீயின் முகம் வெளுத்துவிட்டது.

அப்போது யாரோ சன்னமாகக் கூப்பிட்டார்கள்.

'கீச்.'

எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். நடு முட்டையின் தொப்பி கழன்று விழுந்தது. நனைந்த கறுப்புக் கட்டி ஒன்று வெளியே புரண்டு, பஞ்சின் மேல் மல்லாந்து, மறுபடியும் 'கீச்' என்றது. பக்கத்து முட்டையிலும் விரிசல்.

"பதினெட்டு நாள் அடைகாத்த முட்டைங்க, ஞாயித்துக்கெழமை சாயங்காலம் உள்ள வெச்சது" என்றாள் ருக்குமணி மெதுவாக. "மலையில ராத்திரி எத்தனை குளிருன்னு உங்களுக்கே தெரியும்."

ஹேமலதாவின் முகத்திலிருந்த நாலு எரிச்சலும் காணாமல் போயின. "எங்க மாமனார் ஊட்டுல ரெண்டு லட்சம் கோழிங்க" என்றார். குனிந்து குஞ்சைப் பார்த்தார். "ஒரு ராத்திரி சூடு நின்னிருந்தா இதுல ஒண்ணு தங்காது. கடிகாரத்தைத் திருப்பி வெக்கலாம், காளியண்ணன். முட்டைய யாரு திருப்பி வெக்கறது?"

"ஞாயித்துக்கெழமை மத்தியானத்துக்கு முட்டை சாட்சி சொல்லாதுங்களே, சாயங்காலத்துல இருந்துதானே..." என்று காளியண்ணன் முனகினார்.

"நான் தொட்டப்பவே சூடாத்தான் இருந்துச்சு" என்றாள் சின்னாயி, கண்டிப்பாக. "ஆறுன பெட்டியில முட்டை வெக்கறதுக்கு நான் என்ன கிறுக்கியா?"

"உங்க பெட்டியில முட்டை வெச்சா என்ன ஆகும்னு நினைக்கறீங்க?" என்று தனபால் காளியண்ணனிடம் கேட்டான். "பொரியலே ஆயிரும். அதுவும் காகிதம் சுத்தி, பார்சல்."

ஹேமலதா அங்கேயே அறிக்கை எழுத வேண்டும் என்றார். கார்பன் தாள் ஜீப்பில் நனைந்துவிட்டது. "இதுலயே அடிச்சுக் குடுக்கறேன் மேடம்" என்று வித்யாஸ்ரீ எழுந்தாள். அதற்குள் ருக்குமணி மனை ஒன்றை இழுத்துப் போட்டு கீபோர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். தமிழ் எழுத்துகள் எல்லாம் பழைய மெஷினில் இருந்த அதே இடத்தில்தான் இருந்தன. ஒரு தடவைகூடக் கீழே பார்க்காமல் அடித்தாள். அடுப்படியில் விசைச் சத்தமும் குஞ்சுச் சத்தமும் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை.

"சாட்சி என்ற இடத்தில் என்ன போடட்டும்?" என்றாள்.

ஹேமலதா பெட்டியைப் பார்த்தார். "இதுவரைக்கும் ரெண்டு. மிச்சம் ஏழு பேருக்கு இடம் விட்டு வைங்க."

அறிக்கை முடிந்தது. வித்யாஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்னாயியின் கையைப் பிடித்தாள். சின்னாயியோ இரண்டாவது குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு, பெட்டியை ஆசையாகத் தடவிப் பார்த்தாள்.

"இத்தனை நல்லாப் பொரிக்குது" என்றாள் மனத்தாங்கலோடு. "இதைப் போயி கம்ப்யூட்டரு கம்ப்யூட்டருன்னு சொல்லி ஏன் கண்ணு வீணாக்குறே?"